செயலியின் மேல் எழுதப்பட்ட எண்: ஓவர்கிளாக்கிங்கின் வரலாறும் ‘நிலைத்தன்மை’ என்ற சொல்லும்

2000ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று இன்டெல் நிறுவனம் 1.13 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் பென்டியம் 3 செயலியை வெளியிட்டது. அவ்வாண்டு மார்ச் 6 அன்று ஏஎம்டி நிறுவனம் 1 கிகாஹெர்ட்ஸ் எல்லையை முதலில் எட்டியிருந்தது. இரண்டே நாளில் இன்டெலும் அதே எண்ணை அறிவித்தது. அந்தப் போட்டியின் அடுத்த படிதான் 1.13. ஆனால் கணினி உறுப்புகளைச் சோதித்து எழுதிவந்த தாமஸ் பாப்ஸ்ட், கைல் பென்னட் ஆகிய இருவரும் அச்செயலி நிலைகுலைவதைக் கண்டனர். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலைத் தொகுக்கும் வேலையை அதனால் முடிக்க இயலவில்லை. முதலில் தயங்கிய நிறுவனம், பிறகு தன் ஆய்வகத்திலும் அதே பிழையைக் கண்டு, ஆகஸ்ட் 28 அன்று அச்செயலியைத் திரும்பப் பெற்றது.

இந்நிகழ்ச்சியில் ஒரு முரண் உண்டு. பிழையைக் கண்டறிந்த இருவரும் ஓவர்கிளாக்கிங் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவர்கள். அதாவது, தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் செயலியை ஓட்டிப் பழகியவர்கள். ஓவர்கிளாக்கிங் செய்யப்பட்ட செயலி எப்படி விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். தயாரிப்பாளரே பெட்டியில் அடைத்து விற்ற ஒரு செயலி அதே விதமாக விழுவதை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர்.

செயலியின் மேல் பொறிக்கப்பட்ட வேகத்தைச் சிலிக்கானின் இயற்கைப் பண்பாகக் கருதுவது வழக்கம். அது உண்மையில் ஒரு வாக்குறுதி. ‘இந்த வேகம் வரை இதன் விடைகளுக்கு நாங்கள் பொறுப்பு’ என்பதே அவ்வெண்ணின் பொருள். அந்த வாக்குறுதிக்கும் சிலிக்கானின் மெய்யான ஆற்றலுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருந்துவந்துள்ளது. ஓவர்கிளாக்கிங்கின் நாற்பதாண்டு வரலாறு, அவ்விடைவெளி யாருக்கு உரியது என்ற வழக்கின் வரலாறு. அதனோடு சேர்ந்தே ‘நிலைத்தன்மை’ என்ற சொல்லின் பொருளும் மாறிவந்திருக்கிறது. கணினியின் விடையை நம்பி ஆய்வேடு எழுதும் எவருக்கும் இம்மாற்றம் தொடர்பற்றதன்று.

ஒரு துடிப்பின் நீளம்

செயலி கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்குறிகள் ஒரு பதிவகத்திலிருந்து புறப்பட்டு, டிரான்சிஸ்டர் வரிசைகளைக் கடந்து, அடுத்த பதிவகத்தை அடைந்து நிலைகொள்ள வேண்டும். மிக நீண்ட பாதையில் வரும் குறியும் அடுத்த துடிப்புக்குள் வந்து சேர்ந்துவிட்டால் விடை சரியாக இருக்கும். சேராவிட்டால் பழைய மதிப்போ அரைகுறை மதிப்போ விடையாகப் பதிந்துவிடும். தவறாகப் பதிந்தது என்று செயலிக்குத் தெரியாது.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது; ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 210 நானோ வினாடி. இன்று 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக்கு ஒரு துடிப்பு 0.2 நானோ வினாடி மட்டுமே. அந்நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் செல்லும்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும். அதனால் துடிப்பைச் சுருக்க இடம் கிடைக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. செயலி இயங்குகையில் செலவாகும் மின்திறன், துடிப்பு வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயர்வது. வேகத்தை 20 விழுக்காடும் அதற்காக மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் உயர்த்தினால், 1.2 பெருக்கல் 1.21 என்ற கணக்கில், வெப்பம் ஏறத்தாழ 45 விழுக்காடு கூடிவிடும். சூடேறிய சிலிக்கானில் கசிவு மின்னோட்டம் பெருகும், அதுவும் வெப்பமாகும். வேகத்துக்காக அழுத்தம், அழுத்தத்தால் வெப்பம், வெப்பத்தால் கசிவு, கசிவால் மீண்டும் வெப்பம். இச்சுழலை எங்கே நிறுத்துவது என்பதே இக்கலையின் மையச் சிக்கல்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது? ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து வெட்டப்பட்ட சில்லுகள் ஒரே தரத்தில் அமைவதில்லை. அரிசியைச் சல்லடையில் சலித்துக் குருணை, முழு அரிசி என்று பிரிப்பதுபோல், தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் சோதித்து வேகவாரியாகப் பிரிக்கிறார். கோடைக்காலத்தின் மிக வெப்பமான அறை, தரம் குறைந்த மின்வழங்கி, பல ஆண்டுத் தேய்மானம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் வகையில் எண்ணைச் சற்றுக் குறைத்தே பொறிக்கிறார். இது பொறியியல் தரும் இடைவெளி. மலிவான செயலிக்குச் சந்தையில் தேவை மிகுந்திருக்கையில், வேகமாக ஓடவல்ல சில்லும் குறைந்த எண்ணோடு விற்கப்படும். இது வாணிகம் தரும் இடைவெளி. வெளிப்பார்வைக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

படிகத்தை மாற்றியவர்கள்

1984இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியில் 80286 செயலி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் துடிப்பைத் தந்தது 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம். துடிப்பு அதில் பாதி. படிகம் தனியே கழற்றத்தக்கதாக இருந்ததால், 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வாங்கிப் பொருத்தினால் கணினி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஒரு சிறிய உலோகச் சிமிழின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம் கிடைத்தது.

நிறுவனம் இதைக் கண்டும் காணாமல் விடவில்லை. பின்னர் வந்த ஏடி கணினிகளின் பயாஸில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. தொடக்கத்திலேயே கணினி தன் வேகத்தைத் தானே அளந்துபார்க்கும்; 6 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். 1986இல் ஐபிஎம் தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொறியியல் காரணத்துக்காகத் தடுக்கப்பட்டதா, அடுத்த மாதிரியின் விலைக்காகத் தடுக்கப்பட்டதா என்ற ஐயம் பயனர் மனத்தில் விழுந்தது. அடுத்த இருபதாண்டு ஓவர்கிளாக்கிங்கின் உளவியல் இந்த ஐயத்தில் வேர்கொண்டது.

முந்நூறு நானூற்றைம்பது ஆன கதை

1992இல் வந்த 486டிஎக்ஸ்2 செயலியோடு பெருக்கி எண் என்ற ஏற்பாடு பரவலாயிற்று. ‘பஸ்’ எனப்படும் தரவுப்பாட்டை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட, செயலி அதை இரண்டால் பெருக்கி 66இல் ஓடும். பென்டியம் காலத்து மதர்போர்டுகளில் பாட்டை வேகத்தையும் பெருக்கி எண்ணையும் ‘ஜம்பர்’ என்னும் சிறு செருகிகளால் மாற்ற முடிந்தது. ஆர்வலர்க்கு அது விளையாட்டு. வேறு சிலருக்கு அதுவே மோசடி வழி. குறைந்த வேகச் செயலியின் மேலிருந்த எழுத்தைத் தேய்த்து அழித்து, உயர்ந்த எண்ணைப் பொறித்து, உயர்ந்த விலைக்கு விற்றனர். எடைக்கல்லின் முத்திரையைத் திருத்துவது போன்ற செயல் அது. வாங்கியவர் தம் கணினி ஓவர்கிளாக்கிங் செய்யப்பட்டது என்பதை அறியாமலே அதைப் பயன்படுத்தினார்.

இக்கள்ளக் குறிகளைத் தடுக்க இன்டெல் பெருக்கி எண்ணைப் பூட்டியது. பூட்டு வாங்குவோரைக் காத்தது. கூடவே விலைப் படிநிலையையும் காத்தது. எஞ்சிய ஒரே வாயில் தரவுப்பாட்டையின் வேகம். அவ்வாயில் வழியே நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற அத்தியாயம்.

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் ஒரே நாளில் இரு செயலிகளை வெளியிட்டது. ஒன்று பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். மற்றது மலிவு விலை செலரான் 300ஏ. பட்டியல் விலை முன்னதற்கு 669 டாலர், பின்னதற்கு 149 டாலர். செலரானின் பெருக்கி எண் 4.5, பாட்டை வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கினால் 300. அப்போது பரவலாகியிருந்த 440பிஎக்ஸ் மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டைக்கு முறையாகவே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே பாட்டையை 100க்கு மாற்றினால் 4.5 பெருக்கல் 100, அதாவது 450. மதர்போர்டு அதற்கு இணங்காவிட்டால், செயலி அட்டையின் பி21 என்ற இணைப்பு முனையை ஒட்டுநாடாவாலோ நகப்பூச்சாலோ மறைத்தால் போதும். மதர்போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று எண்ணிக்கொள்ளும். ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 மதர்போர்டில் பெட்டியைத் திறக்காமலே, பயாஸ் திரையில் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்ற முடிந்தது.

300ஏ இவ்வளவு எளிதில் 450ஐ எட்டியதற்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் உண்டு. பென்டியம் 2இன் 512 கிலோபைட் கேச் நினைவகம் செயலிக்கு வெளியே தனிச் சில்லுகளில் பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் கேச் 128 கிலோபைட் மட்டுமே. ஆயினும் அது செயலிச் சில்லின் உள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. வெளிச்சில்லுகள் இழுத்துப் பிடிக்கும் தடை அதற்கு இல்லை. இரண்டும் ஒரே 0.25 மைக்ரான் தொழில்நுட்பத்தில் பிறந்தவை. இங்கே இடைவெளியின் பெரும்பகுதியை வைத்திருந்தது வாணிகம். அதை மாணவர்களும் சிறு வருவாயினரும் எடுத்துக்கொண்டனர்.

ஏஎம்டி பக்கத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. 2000இல் வந்த அத்லான், டியூரான் செயலிகளின் மேற்பரப்பில் எல்1 எனப்பட்ட நுண்ணிய இணைப்புப் பாலங்கள் வெட்டப்பட்டிருந்தன. சாதாரணப் பென்சிலால் அவ்விடைவெளிகளில் கோடு இழுத்தால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பெருக்கி எண்ணின் பூட்டு திறந்துகொள்ளும். அடுத்து வந்த அத்லான் எக்ஸ்பியில் அதே இடங்களில் லேசர் குழிகள் இருந்தன. குழியை அடைத்து, கடத்தும் பூச்சைத் தடவ வேண்டியிருந்தது. பூட்டும் திறவுகோலும் மாறி மாறி வளர்ந்தன.

குளிரின் எல்லை

8088 செயலிக்குத் தனிக் குளிர்விப்பு எதுவும் தேவைப்படவில்லை. 486 காலத்தில் அலுமினிய ஹீட்சிங்க்கும் சிறு விசிறியும் வந்தன. 2000ஆம் ஆண்டளவில் விசிறியின் ஆற்றல் போதாமற்போக, ஆர்வலர்கள் காரின் ஹீட்டரில் உள்ள ரேடியேட்டரையும் மீன்தொட்டிப் பம்பையும் இணைத்து நீர்க்குளிர்விப்பைத் தாமே கட்டினர். ஹீட்சிங்க்கின் அடிப்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் கண்ணாடிபோல் தேய்த்தனர். எவ்வளவு தேய்த்தாலும் இரு உலோகப் பரப்புகளின் நடுவே காற்றுப் பைகள் எஞ்சும். அவற்றை நிரப்பவே தெர்மல் பேஸ்ட். பேஸ்ட்டைத் தடிமனாகப் பூசினால் பயன் குறையும். உலோகத்தைவிடப் பேஸ்ட் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். 2012இல் இன்டெலின் ‘ஐவி பிரிட்ஜ்’ செயலிகளில், உலோக மூடிக்கும் சில்லுக்கும் நடுவே முன்னர் இருந்த பற்றவைப்புக்குப் பதிலாகப் பேஸ்ட் வைக்கப்பட்டபோது, ஆர்வலர்கள் மூடியையே பிளந்து பேஸ்ட்டை மாற்றினர்.

குளிர்விப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001இல் தாமஸ் பாப்ஸ்ட்டின் குழுவினர் காணொளியாகவே காட்டினர். ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் ஹீட்சிங்க்கை அவர்கள் கழற்றினர். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது; பென்டியம் 3 நின்றுபோனது; அத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. வெப்பத்தை உணர்ந்து தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் செயலியின் இன்றியமையா உறுப்பு என்பது அதன்பின் எவருக்கும் விளக்கவேண்டிய செய்தியாக இருக்கவில்லை.

காற்றானாலும் நீரானாலும் அவை குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகின்றன. ஆகையால் அறையின் வெப்பநிலையே அவற்றின் கீழெல்லை. இந்திய வாசகர்க்கு இது முதன்மையான செய்தி. 22 டிகிரி செல்சியஸ் அறையில் 75 டிகிரியில் நிற்கும் செயலி, அதே பணியில், அதே ஹீட்சிங்க்கோடு, 40 டிகிரி அறையில் 93 டிகிரியை நெருங்கும். குளிர்நாட்டு அறையில் அளக்கப்பட்ட எண்ணை மே மாதத்து நாக்பூருக்கோ டெல்லிக்கோ அப்படியே கொண்டுவர இயலாது. டிசம்பரில் பிழையின்றி ஓடிய அமைப்பு மே மாதத்தில் விழுந்தால், அது டிசம்பரிலேயே விளிம்பில் நின்றது என்றே கொள்ள வேண்டும்.

அறை வெப்பநிலைக்குக் கீழே செல்ல வேண்டுமெனில் வேறு வழி தேவை. போட்டியாளர்கள் –196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் செப்புக் கலத்தில் ஊற்றுகின்றனர். அப்போது வெப்பத்தைவிட ஈரமே பகையாகிறது. காற்றின் நீராவி மதர்போர்டில் பனியாகப் படிந்து குறுக்குச்சுற்று ஏற்படாதிருக்க, வாஸ்லினும் பிசைந்த அழிப்பானும் கொண்டு பலகையைப் போர்த்துவர். 2011 ஆகஸ்ட் 31 அன்று ஏஎம்டியின் எஃப்எக்ஸ் செயலி ஒன்று திரவ ஹீலியத்தின் துணையோடு 8.429 கிகாஹெர்ட்ஸை எட்டிக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. எட்டுக் கருக்களில் இரண்டு மட்டுமே அப்போது இயங்கின. வேகம் பதிவாகும் அளவுக்குச் சில கணங்கள் அது விழாமல் நின்றால் போதுமானது.

அடை ஏற்ற சொல்

‘நிலைத்தன்மை’ என்ற சொல்லின் சிக்கல் இங்கே தொடங்குகிறது. சில கணம் நின்றதும் நிலைத்தது. ஒரு மாதம் ஓடியதும் நிலைத்தது. ஓவர்கிளாக்கிங் வட்டாரத்தில் ‘ஸ்டேபிள்’ என்ற சொல் விரைவிலேயே அடைமொழி ஏற்றது: ‘பென்ச் ஸ்டேபிள்’, ‘கேம் ஸ்டேபிள்’, ‘பிரைம் ஸ்டேபிள்’. முதலாவது சோதனை எண் எடுக்கும் வரை நிற்பது. இரண்டாவது விளையாட்டு முடியும் வரை நிற்பது. மூன்றாவது கடுமையான கணிதச் சோதனையில் நிற்பது. உண்டு அல்லது இல்லை என்று மட்டும் விடை தரவேண்டிய ஒரு சொல் அடை ஏற்கத் தொடங்குகிறது என்றால், அதன் பொருள் படித்தரமாகிவிட்டது என்று கொள்ளலாம். ‘பெரும்பாலும் சரியான கூட்டல்’ என்பது போன்ற தொடர் அது.

அளவுகோல்கள் கணிதத்திலிருந்து வந்தன. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கனடா யசுமாசாவின் குழு 1995இல் பையின் மதிப்பை 400 கோடிக்கும் மேற்பட்ட தசம இலக்கங்கள் வரை கணித்தது. அக்குழுவின் நிரல் ‘சூப்பர் பை’ என்ற பெயரில் மேசைக் கணினிக்கு வந்து, வேகப் போட்டியின் அளவுகோலாயிற்று. விடை முன்பே தெரியும் என்பதால், செயலி தவறினால் உடனே தெரிந்துவிடும். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடல் திட்டத்தின் ‘பிரைம்95’ நிரல் இதனினும் கடுமையானது. அதன் வதைச் சோதனை, விடை தெரிந்த கணக்குகளை மணிக்கணக்கில் செய்விக்கும். ஒவ்வொரு படியிலும் முழு எண்ணாக வரவேண்டிய மதிப்பு எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும். விலகல் எல்லை மீறினால் நின்றுவிடும். கணினி அப்போதும் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். சுட்டி நகரும், பாட்டு ஒலிக்கும். கணக்கு மட்டும் தவறியிருக்கும்.

‘விழவில்லை’ என்பதும் ‘சரியாகக் கணித்தது’ என்பதும் வேறு வேறு என்பதை ஓவர்கிளாக்கிங் உலகம் இந்நிரல் வழியாகவே கற்றது. முறையான வழிமுறையும் இதிலிருந்தே உருவாயிற்று: முதலில் இயல்பு வேகத்தில் சோதித்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்வது, வேகத்தை ஒரு படி மட்டும் உயர்த்துவது, சோதிப்பது, பிழை வந்தால் மின்னழுத்தத்தை மிகச் சிறிதளவு கூட்டுவது, வெப்பம் எல்லையை நெருங்கினால் நிறுத்துவது, இறுதியில் கிடைத்த எண்ணிலிருந்து ஒரு படி கீழிறங்கி நிற்பது. அந்தக் கடைசிப் படி நோக்கத்தக்கது. தயாரிப்பாளரிடமிருந்து இடைவெளியைப் பறித்தவர், தமக்கென ஓர் இடைவெளியை மீண்டும் விட்டுவைக்கிறார்.

அப்படி விட்டுவைக்காதவர்களின் தடயங்கள் வேறோர் இடத்தில் சேர்ந்தன. மைக்ரோசாஃப்ட் நிரலாளர் ரேமண்ட் சென் 2005இல் இதுபற்றி எழுதினார். விண்டோஸ் அனுப்பும் நிலைகுலைவு அறிக்கைகள் சிலவற்றில், ஒரு பதிவகத்தைச் சுழியாக்கும் மிக எளிய கட்டளையில் கணினி விழுந்திருந்தது. நினைவகத்தைத் தொடாத அக்கட்டளை எவ்வகையிலும் விழ இயலாதது. விசாரித்தபோது அவற்றுள் பல ஓவர்கிளாக்கிங் செய்யப்பட்ட கணினிகள் என்பது தெரியவந்தது. சில உரிமையாளர்களுக்கு அச்செய்தியே புதிது. விற்றவர் சொல்லாமல் செய்திருந்தார். 2011இல் எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டவுசர், வின்ஸ் ஓர்கோவன் ஆகிய மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் தனிநபர் கணினிகளின் அறிக்கைகளை ஆராய்ந்தனர். குறித்த வேகத்துக்கு மேல் ஓடியவை செயலிப் பிழையால் விழும் வாய்ப்பு பன்மடங்கு கூடுதலாக இருந்தது. குறித்த வேகத்துக்குச் சற்றுக் கீழே ஓடியவை, குறித்த வேகத்தில் ஓடியவற்றைவிடவும் நம்பகமாக இருந்தன. தயாரிப்பாளர் பொறித்த எண்ணும் பாதுகாப்பின் முற்றெல்லை ஆகாது என்பதே இதன் உட்பொருள்.

இடைவெளி கைமாறியது

1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் உடனிருந்தோரும் ஒரு விதியை வகுத்தனர்: டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், அதனால் வேகம் கூடியும் ஒரே பரப்பில் வெப்பம் கூடாது. முப்பதாண்டுகள் இவ்விதி கைகொடுத்தது. 2004 பிப்ரவரியில் 90 நானோமீட்டர் அளவில் வந்த ‘பிரெஸ்காட்’ பென்டியம் 4இல் கசிவு மின்னோட்டம் அதை முறித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அதன் வாரிசான ‘டெஜாஸ்’ கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டமும் கைவிடப்பட்டது. வேக ஓட்டம் நின்று, கருக்களின் எண்ணிக்கை பெருகத் தொடங்கியது.

இதன்பின் இடைவெளியைத் தயாரிப்பாளர்களே எடுத்துக்கொண்டனர். 2008 நவம்பரில் மேசைக் கணினிக்கு வந்த கோர் ஐ7 செயலிகளில் ‘டர்போ பூஸ்ட்’ இருந்தது: வெப்பமும் மின்னோட்டமும் இடம்தரும்போது செயலி தானே குறித்த வேகத்துக்கு மேல் ஏறிக்கொள்ளும். ஏஎம்டியும் 2010இல் இதே வழியைப் பின்பற்றியது. முன்பு இரவெல்லாம் கண்விழித்து ஒருவர் செய்த வேலையைச் செயலி ஒரு வினாடியில் பலமுறை செய்கிறது. 2011 ஜனவரியில் வந்த ‘சாண்டி பிரிட்ஜ்’ தலைமுறையில் அடிப்படைத் துடிப்பைச் சில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த இயலாதபடி பிற உறுப்புகளோடு பிணைத்துவிட்டனர். பெருக்கி திறந்த செயலிகள் ‘கே’ என்ற எழுத்தோடு தனியே விற்கப்பட்டன. பட்டியலில் ஐ7-2600 செயலிக்கு 294 டாலர். ஐ7-2600கே செயலிக்கு 317 டாலர். அனுமதியின் விலை 23 டாலர். மறு ஆண்டு, ஓவர்கிளாக்கிங்கால் பழுதான செயலியை ஒருமுறை மாற்றித்தரும் காப்புத் திட்டத்தையும் இன்டெல் கட்டணத்துக்கு விற்றது. பென்சில் கோட்டால் திறக்கப்பட்ட வாயிலுக்கு இப்போது நுழைவுச்சீட்டு வந்துவிட்டது.

இடைவெளியை விளிம்பு வரை உண்டால் என்ன நேரும் என்பதற்கு 2000இன் 1.13 கிகாஹெர்ட்ஸ் முதல் பாடம். இரண்டாம் பாடம் 2024இல் வந்தது. 6 கிகாஹெர்ட்ஸ் வரை தாமாக ஏறும் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் பல, நாளடைவில் நிலைகுலையத் தொடங்கின. சில விளையாட்டுகளைத் தொடங்கும்போது ‘காட்சி நினைவகம் போதவில்லை’ என்ற செய்தி தோன்றியது. காட்சி அட்டையில் குறையேதும் இல்லை. சுருக்கப்பட்ட தரவை விரிக்கும் கணக்கில் செயலி தவறியிருந்தது. தவறிய கணக்கு வேறோர் உறுப்பின் பெயரைச் சொல்லி வெளிப்பட்டது. அளவுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் செயலிக் கருவின் கடிகாரச் சுற்று தேய்ந்து, இயங்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் உயர்ந்துவிட்டது என்று நிறுவனம் விளக்கியது. திருத்த நுண்நிரல்களை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டியது. தேய்ந்த சில்லை நுண்நிரலால் மீட்க இயலாது.

ஓவர்கிளாக்கிங் எதுவும் இல்லாத இடத்திலும் இச்சிக்கல் உண்டு. 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் தம் தரவு மையத்துச் செயலி ஒன்றைப் பற்றி எழுதினர். 1.1இன் 53ஆம் அடுக்கின் முழு எண் பகுதி 156. அக்குறிப்பிட்ட செயலியின் ஒரு கரு அதைச் சுழி என்று விடையளித்தது. பிழைச்செய்தி இல்லை, நிலைகுலைவு இல்லை. அவ்விடையை நம்பிய நிரல், கோப்பின் அளவு சுழி என்று கொண்டு கோப்பையே விட்டுவிட்டது. அதே ஆண்டில் கூகுள் பொறியாளர்களும் இவ்வகைக் கருக்களைப் பற்றி எழுதினர்.

ஆய்வுத்துறைக்கு இவ்வரலாறு விட்டுச்செல்லும் பாடம் இங்கே உள்ளது. துறை ஆய்வகத்தின் மேசைக் கணினியில் மூன்று வாரம் ஓடும் ஒரு கணிப்பு, விழுந்துவிட்டால் நல்லது, மீண்டும் ஓட்டலாம். விழாமல் ஓரிடத்தில் மட்டும் தவறினால், அத்தவறு அட்டவணையில் ஏறி, ஆய்வேட்டில் ஏறி, பிறர் மேற்கோளிலும் ஏறும். கோடையில் விளையாட்டுக்குப் போதுமான நிலைத்தன்மை, ஆய்வுக்குப் போதாது.

பகா எண் தேடுவோர் இதற்குத் தொடக்கத்திலிருந்து நெடுங்காலம் ஒரு வழக்கம் வைத்திருந்தனர். ஒரு கணினி தந்த விடையை அவர்கள் முடிவாக ஏற்கவில்லை. அதே எண்ணை மற்றொரு கணினியில், கூடுமானவரை மற்றொருவரைக் கொண்டு, கணக்கின் தொடக்க நிலையை இடம்பெயர்த்து, இடைப்படிகள் வேறாக அமையுமாறு மீண்டும் கணித்தனர். இரு விடைகளும் ஒத்தால் மட்டுமே கணக்கு முடிந்ததாகக் கொண்டனர். செயலியின் மேல் எந்த எண் பொறிக்கப்பட்டிருந்தாலும், அதை எவர் எந்த வேகத்தில் ஓட்டினாலும், அவர்களது நிலைத்தன்மை அந்த இரண்டாம் கணிப்பில் இருந்தது.